ஆணியில் மிஞ்சியது

பங்காளியை வெட்டிய வழக்கில் தண்டனை முடிந்து வந்திருந்த கோமதிநாயகத்தின் வீட்டுக்கு, அவனுடைய லைசென்ஸ் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய ஏட்டு வந்தார்.

"அது இல்லாட்டா காட்டுப்பன்னி மரச்சீனிக் கெழங்கப் பூராத் தோண்டித் தின்னுரும், ஏட்டையா."

"தண்டன வாங்குனவன் கையில துப்பாக்கி இருக்கப்படாதுவே. சட்டம்."

"நான் சுட்டுட்டா உள்ள போனேன்? அரிவாளாலதான வெட்டுனேன்!"

ஏட்டு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோமதிநாயகத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னா வெயிலு! ஒரு இளநி சீவும்."

துப்பாக்கி தொங்கிய ஆணிக்கு அடுத்த ஆணியிலிருந்து அரிவாளை எடுத்து, சீவிக் கொடுத்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அண்ணாந்து குடித்தார் ஏட்டு. அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, அரிவாளைக் கீழே வைக்காமல் நின்றான் கோமதிநாயகம்.

"இன்னொண்ணு சீவும்வே" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலேயே.