வியாழக்கிழமைக் கடிதம்

"சத்தமா வாசிங்க தம்பி. கடைசிக் கட்டில் வரைக்கும் கேக்கணும்."

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இராக்கம்மா இப்படித்தான் சொல்வாள். அவளுக்குக் காது மந்தம் என்று எபநேசர் நினைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறை. கொழும்பு, கண்டி, மாத்தளை என்று வாரம் ஒரு திருச்சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் ரயிலில் பதுளைக்கு வந்து இறங்குவார்கள். அவர்களை ஊழியத்துக்கு அழைத்துப் போவது எபநேசரின் பொறுப்பு. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டைக் கூட்டுவார்கள். அடுத்த இரண்டு நாளும் ஏதாவதொரு பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், எழுதத் தெரியாத நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் அவன் கொப்பியில் குறித்து வைத்திருந்தான். இதனால் யாருக்காவது ஏதாவது நன்மை உண்டா என்பதற்கு மட்டும் கொப்பியில் விடை இல்லை.

மலையிலிருந்து இறங்கும் காய்ந்த காற்று வார்டின் திரைகளை மெல்ல ஊதி உயர்த்தும். பிறகு மூச்சு விட்டதுபோல் கீழே போடும். ஊழியத்துக்கு வந்த பிள்ளைகள் பாடும் பாட்டும் அந்தக் காற்றோடு ஏறி இறங்கும். முகங்கள் வாரத்துக்கு வாரம் மாற, யார் எந்த ஊர்ப் பிள்ளை என்பதே அவனுக்குக் கனவில் பார்த்ததுபோல் கலங்கிவிடும். மாறாதது ஐந்தாம் கட்டில் இராக்கம்மாவும் அங்கிருந்து போகும் கடிதமும்தான்.

இராக்கம்மா பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வயிற்றில் கட்டி. சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இருப்பது ஒரே மகள். பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து லயத்துப் பிள்ளையாக அது வளர வேண்டாமென்று, பால் மறந்ததுமே பிள்ளையில்லாத ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டாளாம். அவர்கள் தங்கள் மகளென்றே பதிந்து படிக்க வைத்தார்கள். இப்போது அரசாங்க உத்தியோகம்.

முதல் வாரமே அவள் குரலைத் தாழ்த்தி எபநேசரிடம் சொல்லியிருந்தாள். "என் வயித்துப் பிள்ளைன்னு தெரிஞ்சா அந்த உத்தியோகம் போயிரும் தம்பி. அவ இங்க வரக் கூடாது. காயிதம் மட்டும் போகட்டும்."

கடிதத்தை ஒட்டி, விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பதை வார்டு நர்ஸ் ஜெனீரா ஏற்றுக்கொண்டிருந்தாள். பஜாரில் பீங்கான் கடை வைத்திருக்கும் ஹாஷிம் முதலாளியின் மகள். அதிகம் பேசமாட்டாள்.

கடிதங்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நின்று நின்று கால் வீங்கினால் உப்புத் தண்ணீரில் வை. போன வாரம் கண்டிப் பெண்ணொருத்தி 'பெருமதிப்புக்குரிய மகள் அவர்களுக்கு' என்று தொடங்கிவிட்டாள். "ஏத்தா, தோட்டத் தொரைக்குப் பெட்டிசனா எழுதுற?" என்று இராக்கம்மா கேட்க, வார்டே சிரித்தது. ஜன்னலோரம் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்த ஜெனீராகூடச் சிரித்தாள்.

நான்காம் வியாழக்கிழமை வந்தது. மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கட்டி பெருத்துவிட்டது, நாளைக்கே எடுத்தாக வேண்டும், மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று எபநேசர் பேனாவைத் தானே எடுத்தான்.

காற்றுக் காலம், தலையில் துணி கட்டிக்கொண்டு போ என்றாள் இராக்கம்மா. எனக்கு ஒன்றுமில்லை, நீ வராதே என்றாள். அவன் எழுதினான்.

பிறகு அவன் கை நின்றது. நோயாளி சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அவனே போட்ட முதல் சட்டம். அதை மீறுவது பாவமா, மீறாமல் இருப்பது பாவமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஒரு வரியைச் சேர்த்தான். வாசிக்கும்போது அந்த வரியையும் சத்தமாகவே வாசித்தான்.

"நாளைக்குக் கட்டியை எடுக்காட்டி நான் பொழைக்க மாட்டேன். உன் கையெழுத்து இருந்தாத்தான் எடுப்பாங்க மகளே."

இராக்கம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அதை நான் சொல்லலியே தம்பி."

"நான்தான் எழுதினேன். மன்னிச்சிருங்கம்மா."

"வெட்டிருங்க. இப்பவே வெட்டிருங்க. எம் பொழப்பு முடிஞ்சது. அவ பொழப்பாவது நல்லா இருக்கட்டும்."

வெட்டவும் மனமில்லாமல், விட்டுவைக்கவும் மனமில்லாமல் அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெனீரா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். ஆபரேஷன் சம்மதப் பத்திரம். அதைக் கட்டில் விளிம்பில் வைத்து, அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பாவம், மனசு கேட்காமல் செய்கிறாள் என்று எபநேசர் நினைத்தான். தாழ்ந்த குரலில் சொன்னான். "மிஸ்ஸி, உங்க நல்ல மனசு தெரியுது. ஆனா சொந்தக்காரங்க போட்டாத்தான் செல்லும்."

'நோயாளிக்கு என்ன உறவு' என்றிருந்த இடத்தில் அவள் பேனாவை வைத்தாள். "வேணாம்," என்று இராக்கம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

பிடியை மெல்ல விலக்கிவிட்டு, ஜெனீரா எழுதினாள்: மகள்.