இரண்டு கினிப்பன்றிகளுக்கு ஓர் அறை

“அந்த ரூமைத் திறந்து காட்டுங்க, மேடம்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார் விலங்குக் காப்பக மேனேஜர் சில்வஸ்டர். குன்னூர் பங்களாக்காரர்கள் வளர்க்கப் பிராணி கேட்டால் கொடுத்துவிட்டு வர வேண்டும். வளர்க்கிற இடத்தைக் காட்டு என்று சட்டம் பேசினால் நன்கொடை நின்றுவிடும்.

இசக்கியம்மா கேட்டுவிட்டாள்.

மடியிலிருந்த கூடைக்குள் எலி இனத்து இரண்டு கினிப்பன்றிகள். டூரிஸ்ட் யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து, கொட்டும் மழையில் பஸ் ஸ்டாண்டில் விட்டுப் போனவை. சளி கட்டிச் சாகக் கிடந்தவற்றை, சிரிஞ்சில் மருந்தும் வைட்டமினுக்காகக் குடைமிளகாய்ச் சாறும் புகட்டி, மூன்று வாரம் தூக்கமில்லாமல் தேற்றியவள் அவள்தான்.

ஐவி மேடம் சிரித்தார். “பொண்ணு குடுக்க வீடு பார்க்க வந்த மாதிரியில்ல கேக்கற! பேரன் லீவுக்கு வரான், ஆசைப்பட்டான். ஹால்ல வெச்சா நாறும். பின்னாடி அவுட்ஹவுஸ் சும்மாதானே கிடக்கு? சாவிய எங்க போட்டேனோ.”

“அங்க வேண்டாங்க. ஈரம். ஒரு மழைக்குத் தாங்காதுங்க. ஊட்டுக்குள்ளார வெச்சுக்குங்க, இப்பவே ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்.”

“திறக்கவே இல்ல. அதுக்குள்ள ஈரமா?”

“ஜன்னலுக்குக் கீழ செவுத்துல கை வெச்சா நனையும். ஆடி மாசம் பாயெல்லாம் பூஞ்சை புடிக்கும். நான் பாக்கறதுக்குக் கேக்கலீங்க. நீங்க பாக்கணும்னுதான் கேட்டேன்.”

மேடத்தின் சிரிப்பு நின்றது.

“ரெண்டு எலிக்கு இவ்வளவு பேச்சா? ஒரு டிகிரி வாங்கிட்டா வாய் வந்துருது உங்களுக்கெல்லாம். தோட்டக்காரன் குடும்பமே எட்டு வருஷம் அங்கதான் இருந்துச்சு. யாரும் சாகல.”

இசக்கியம்மா பேனாவைத் திறந்தாள். விண்ணப்பத்தில் ‘வளர்ப்பவர்’ என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்தாள். மேலே தன் பெயரை எழுதினாள். வேலை போகும். போகட்டும்.

கூடையைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாலு பேரு குடி வந்தோம். வெளிய போனது மூணு பேருங்க. தம்பிக்கு அப்ப ரெண்டு வயசு.”

பதிலுக்கு நிற்காமல், முன்வாசல் வழியாகவே இறங்கி நடந்தாள்.