அப்பாவின் ரிப்போர்ட்

லேப் பெண் சிரித்த முகத்தோடு நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார் முத்திரைக்காரர். பதிலுக்கு அவர் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் போனார்.

மகன் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். மிஞ்சிப்போனால் பத்து நிமிடம்.

"ஒரு உதவி வேணும்மா. இதுல இருக்கிற நம்பரை மாத்தி வேற தாள்ல எழுதிக் கொடுக்கணும். என் பையன் இதைப் பார்க்கக் கூடாது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எதிரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர். ஐந்து கிராம் குறைந்த எடைக்கல்லுக்காகச் சொந்த மச்சானின் கடையையே பூட்டியவர். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு கோரிக்கை.

விஷயம் மகனிடமிருந்து தொடங்கியது. வயது முப்பத்து நான்கு. ஒல்லி, தினமும் நீச்சல், எண்ணெயில் பொரித்ததைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவன். அவன் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு.

இது வாயால் வந்ததல்ல, பிறப்பால் வந்தது என்றார் டாக்டரம்மா. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், இரண்டு பேரும் சோதித்துக்கொள்ளட்டும், அவனுடைய ஐந்து வயது மகளையும் பிறகு பார்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மாவின் ரிப்போர்ட் போன வாரமே வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. "அப்போ இது உங்க சொத்துதான்பா" என்று மகன் சாப்பாட்டு மேசையில் கிண்டல் செய்தான். எங்கள் வம்சத்தில் தலைவலிக்குக்கூட யாரும் படுத்ததில்லை என்று மைக் வைக்காத குறையாகச் சொல்லி வந்தவர், அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மனைவி அவர் தட்டை எடுத்துக் கழுவினாள்.

"இதுல என்னங்க கௌரவக் குறைச்சல்? மூக்கு, முழி மாதிரி இதுவும் பரம்பரையா வர்றதுதான். மாத்திரையை விடாம போட்டா அடங்கிடும்" என்றார் டாக்டரம்மா இப்போது.

"மாத்திரை அவன் போடுவான். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க நம்பரை மட்டும் மாத்துங்க."

டாக்டரம்மா விடவில்லை. உறவுகளில் யாராவது சின்ன வயதில் நெஞ்சுவலியால் போனார்களா என்று முன்பு கேட்டபோது, ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொன்னவர் இவர். அதையே மறுபடியும் கேட்டார்.

முத்திரைக்காரர் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி ஒருத்தன் இருந்தான். முப்பத்தாறு வயசுல, ஆபீஸ் நாற்காலியிலேயே போயிட்டான். ஊருக்குக் காய்ச்சல்னு சொன்னோம்."

மாரடைப்பு என்று தெரிந்தால் இரண்டு தங்கைகளுக்கும் வரன் அமையாது என்று அவருடைய அப்பா எடுத்த முடிவு அது. தங்கைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் மட்டும் இன்னும் காய்ச்சலாகவே இருந்தது.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் குடும்பத்தில் ஆளுக்கொரு கட்டம் போட்டு, தம்பியின் கட்டத்தைக் கறுப்பாக்கினார். தடம் தெளிவாகிவிட்டது என்றார். பேத்தியின் நன்மைக்காகவாவது இவர் தன் குறையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், இத்தனை வயதில் வீம்பு எதற்கு என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்.

கதவு தட்டப்பட்டது. "அப்பா, உள்ளேயா இருக்கீங்க?"

"ஒரு நிமிஷம்" என்று டாக்டரம்மாதான் பதில் சொன்னார். பிறகு கையை நீட்டினார். முத்திரைக்காரர் பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். பெயரையும் வயதையும் சரிபார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுல குறைக்க என்ன இருக்கு?"

முத்திரைக்காரர் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"குறைக்கச் சொல்லலைம்மா, கூட்டி எழுதுங்க. அவனைப் பெத்தவன் என் தம்பி."