சனிக்கிழமை மூன்று மணிக்கு உலக சமாதானம்

"தெருவிளக்கு எரியலைன்னு கவுன்சிலுக்கு நாலு லெட்டர் போட்டோம், ஒருத்தன் திரும்பிப் பார்க்கலை. நீங்க நிறுத்தச் சொன்னா எங்கயோ நடக்கிற போரை நிறுத்திடுவாங்களா, மால்கம்?"

ஆட்டர்ஷா டவுன் கால்பந்து கிளப்பின் செயலாளர் மோரீன், வியாழக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் கேட்டது இது. ஆட்டக்காரர்களின் சட்டை துவைப்பது, மைக்கில் பேர் வாசிப்பது, தலைவரை எதிர்ப்பது என்று இருபத்திரண்டு வருடமாக மூன்று வேலையும் அந்த அம்மாள்தான் பார்க்கிறார்.

தலைவர் மால்கம் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்திலேயே பெரிய கம்பளக் கடை அவருடையது. ஆனாலும் உலகத்துக்குச் சொல்ல நாலு வார்த்தை அவரிடம் இருந்தது. வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று ஊரில் பேச்சு.

"பெரிய கிளப்பெல்லாம் அறிக்கை விடுது, மோரீன். நாம வாயைத் திறக்காம இருந்தா நாளைக்கு நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நம்மளைப் பத்தி யாருங்க நினைக்கிறாங்க?"

"சரி, அறிக்கை வேண்டாம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மௌனமாவது..."

"அதைத்தான் வேண்டாங்கறேன். இன்னிக்கு ஒரு சண்டைக்கு நின்னா, நாளைக்கு அடுத்த சண்டைக்காரன் வந்து 'எங்களுக்கு ஏன் நிக்கலை'ம்பான். எங்க போய் முடிப்பீங்க? போன மாசம் கீப்பருக்குக் காய்ச்சல்னு கறிக்கடை காலினை கோல்ல நிறுத்துனீங்களே, ஒன்பது கோல் வாங்கினோம். முதல்ல அதுக்கு ஒரு கண்டன அறிக்கை விடுங்க."

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. தீர்மானம் தோற்றது. தலைவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். டிரா செய்தால் தப்பிக்கலாம், தோற்றால் கீழ்ப்பிரிவு. அங்கே போன கிளப் எதுவும் திரும்பி வந்ததாக இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. எதிரில் மலைக்கு அந்தப்புறம் யார்க்‌ஷயரிலிருந்து வந்த அணி. ஆளுக்கு ஆள் கதவு அகலம்.

மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மோரீன் தலைவரிடம் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கண்கூடக் கலங்கியிருந்தது போலத்தான் தெரிந்தது.

"மால்கம், நீங்க சொன்னதுதான் சரி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மௌனம் வெச்சிடலாம்."

தலைவர் கடிக்கப் போன 'மீட் பை' என்ற இறைச்சிப் பலகாரம் பாதி வழியில் நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா."

இரண்டு அணியும் மைதான நடுவட்டத்தைச் சுற்றித் தோளோடு தோள் சேர்ந்து தலை குனிந்தன. இருநூறு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு நிமிடம் ஆனது. நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

"இருங்க!" என்றது மைக். "இப்ப நின்னது ஒரு தரப்புக்கு. அடுத்த தரப்புலயும் தாய்மார் அழறாங்க இல்ல?"

இதற்கு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? இன்னொரு நிமிடம்.

"அடுத்தது, நியூஸ்ல வராத சண்டைகள்."

இன்னொன்று.

"அடுத்தது, பிரான்சோட நமக்கு நடந்த நூறு வருஷப் போர்."

"அது முடிஞ்சு ஐந்நூறு வருஷமாச்சேம்மா!" என்றார் நடுவர்.

"அவங்க நூறு வருஷம் நின்னாங்க. நீங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?"

நின்றார்.

"ஐஸ்லாந்துகூட மீன் பிடிக்கிறதுல வந்த தகராறு."

"அதுல மீனுக்குத்தானே சேதம்?"

"மீனுக்கு உயிரில்லையா?"

"மீட் பை ஆறிப்போச்சு, மோரீன்!" என்று கூட்டத்தில் ஒரு குரல். பக்கத்திலிருந்தவர்கள் 'உஷ்' என்று அடக்கினார்கள்.

தலைவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

"பேசாதீங்க. மௌனம்."

மோரீனின் கண் மைதானத்தின் வெளிக்கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்தின் துயரத்தைப் பார்க்கிறார் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

"அடுத்தது, லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் நடந்த ரோஜாப் போர்."

நடுவருக்குப் பொறுக்கவில்லை. "உலகச் சண்டைன்னுதானே ஆரம்பிச்சீங்க? இது உள்நாட்டுச் சண்டையாச்சே!"

"யார்க்‌ஷயர் நம்ம நாடுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

இதை மட்டும் யார்க்‌ஷயர் அணியும் ஒப்புக்கொண்டது. அவர்களுடைய கேப்டன்தான் முதலில் தலை குனிந்தான்.

நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மூணு பத்துக்கு ஊதிடுவேன். அதுக்குள்ள மூணாவது உலகப் போரே வந்தாலும் சரி."

மூன்று ஒன்பது. மோரீன் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சலவைக் கணக்குதான் இருந்தது. "அடுத்தது... அடுத்தது..."

வெளிக்கேட் தடாலென்று திறந்தது.

மோரீன் ஒரு பெருமூச்சு விட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "உலகத்துல இனிமே சண்டை எதுவும் பாக்கியில்லை. ஊதுங்க விசிலை!"

"போர் வேண்டாம்னு டவுன்ல ஊர்வலம், மோரீன்! முக்கால் மணி நேரமா என் பஸ்ஸை மறிச்சிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே, தன் பஸ் டிரைவர் சட்டையைக் கழற்றி எறிந்தபடி காலிக் கோலை நோக்கி ஓடினான் கீப்பர் நெவில். தலைவர் அப்போதுதான், தலை குனிந்து நின்ற தன் அணியை முதல் முறையாக எண்ணிப் பார்த்தார்: பத்துப் பேர்.