எச்சில் படாத பால்

"அங்கேயே நில்லுங்க! வேலியைத் தாண்டி வந்தீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்!"

சலோமி போட்ட சத்தத்தில், பக்கத்துக் காட்டு அத்தாயி ஓர் அடி பின்னால் போனாள்.

"இல்ல சலோமி... கன்னு பொறந்து எவ்வளவு நேரமாச்சு? இன்னும் எந்திரிக்கலையே..."

"நீங்க பாக்காம இருந்தா எந்திரிக்கும். போன வருசம் ஒண்ணை முழுங்கினது பத்தலையா?"

அத்தாயியின் முகம் சுருங்கிப்போனது. மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்து மறைந்தாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பிரேம் மனைவியை முறைத்தான். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது? கண்ணு படறதெல்லாம் நமக்குக் கிடையாதுன்னு பாஸ்டர் எத்தனை தடவை சொல்லியிருக்காரு?"

"நமக்குக் கிடையாதுங்க. அவங்களுக்கு இருக்கே!"

திருப்பூரில் வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடிவிட்டதால், பிழைக்க வழியில்லாமல் மலையேறி வந்தவர்கள் இருவரும். தையல் மிஷினைத் தவிர எதையும் தொட்டதில்லை. மாட்டிடம் உதை வாங்கித்தான் கறக்கவே கற்றுக்கொண்டார்கள். மடி வீங்கினாலும் ஜெபம், தீவனம் எடுக்காவிட்டாலும் ஜெபம்.

போன வருசம் மாடு முதல் கன்று போட்டது. ஒவ்வொரு ஈத்திலும் முதற்பலனான சீம்பால் ஆண்டவருக்கு என்று பொருத்தனை செய்து நேர்ந்திருந்தாள் சலோமி. மூன்று நாள் சீம்பாலையும் சொட்டு விடாமல் கறந்து கோயிலுக்குக் கொண்டுபோனாள். கன்றைத் தனியே கட்டி, கடையில் வாங்கிய பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றிப் புகட்டினாள்.

அப்போதும் அத்தாயி வந்து கன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சீம்பாலை எல்லாம் கொண்டுபோயிட்டா..." என்று ஆரம்பித்தாள். சீம்பாலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலைகிறாள் என்று சலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் கன்று கழிந்து கழிந்து செத்தது.

"எல்லாம் அந்தம்மா கண்ணு!" பால் ஊற்றுகிற இடத்தில், சோளக்காடு போகிற பஸ்ஸில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள் சலோமி. அதுவரை எந்த மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும் ஊரில் அத்தாயியைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் எதிரே வந்தால் கன்றை இழுத்து உள்ளே கட்டினார்கள். அத்தாயி வாயே திறக்கவில்லை. அதுவே சலோமிக்குச் சாட்சியாகப் போயிற்று.

இன்று விடிகாலையில் பிறந்த கன்றும் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. இதுவும் போய்விட்டால் இந்த மலையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? சலோமி பல்லைக் கடித்துக்கொண்டு, கறந்து வைத்த சீம்பால் தூக்கை மூடினாள்.

"கன்னுக்குக் கொஞ்சம் ஊட்டிட்டு மிச்சத்தை எடுத்துட்டுப் போகலாமே?" என்றான் பிரேம்.

"ஆண்டவருக்கு எச்சில் பாலா குடுப்பீங்க?"

அவள் குளித்து, சேலை மாற்றிக் கிளம்புவதற்குள் பைக் ஒன்று வந்து நின்றது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரமேஷ்குமார். இறங்கியவர் நேராகக் கன்றிடம் போய் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வாய் சில்லுனு கிடக்கே! சீம்பால் எவ்வளவு குடிச்சுது?"

"அது கோயிலுக்குங்க சார். இதுக்குப் பாக்கெட் பால் வாங்கணும்."

"இந்த வருசமுமா?" கத்தியேவிட்டார். தூக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி, பையிலிருந்த புட்டியில் ஊற்றினார். "மொத சில மணி நேரத்துல தாயோட சீம்பால் உள்ளே போகணும்மா. இல்லைன்னா கன்னுக்கு நோயைத் தாங்குற சக்தியே வராது. போன கன்னு அதுலதான் போச்சு."

சலோமி கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ... நான்தான் கொன்னேனுங்களா?"

அவர் கன்றின் தலையை மடியில் தூக்கி வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. பிறகு கன்று தானாகவே சப்பத் தொடங்கியது.

"பொழைக்குமா சார்?" பிரேம் கன்றின் முதுகைத் தடவினான்.

"சப்புதே, பொழைச்சுக்கும். சாயங்காலம் வரைக்கும் இதையே விட்டு விட்டுக் குடுங்க."

சலோமி கண்களைத் துடைத்துக்கொண்டாள். "லீவு நாள்ல கர்த்தர்தான் உங்களை அனுப்பியிருக்காருங்க சார்."

"போன் பண்ணினது அத்தாயி அக்கா. அழுதுட்டே பேசினாங்க."

சலோமி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போன வருசமும் அவங்கதான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாங்க. நான் வேற ஊர்ல இருந்தேன். திரும்பறதுக்குள்ள கன்னு செத்துப்போச்சு. காரணத்தையாவது உங்ககிட்ட சொல்லிடலாம்னு கிளம்பினேன். அடுத்த ஈத்துக்கு நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னு என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

"ஊரே அவங்களைத் தூத்துச்சேங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே. ஏனுங்க சார் சொல்லலை?"

ரமேஷ்குமார் காலிப் புட்டியைக் கீழே வைத்தார்.

"நானும் கேட்டேம்மா. 'எல்லாத்தையும் தொலைச்சுட்டு அந்தச் சாமி ஒண்ணை நம்பித்தான் அந்தப் புள்ளை மலையேறி வந்திருக்குது. சாமிக்குப் பாலைக் குடுத்ததாலதான் கன்னு செத்துச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் கோயில் படியே ஏறாது. பழி என் மேலயே இருந்துட்டுப் போகட்டும் சார்'னாங்க."