மயில் நீலம்

"இதுமேல போய்த் துணி காயப் போடறியே, உனக்கு மனசாட்சி இருக்கா கலை?"

துணி என்றால் புடவை, போர்வை இல்லை. ஒரு கைக்குட்டை. அதை சைக்கிள் ஹேண்டில்பாரில் போட்டதற்குத்தான் அன்றைக்கு வினோத்குமார் அந்தக் கத்து கத்தினான்.

கட்டிய பெண்டாட்டியைவிட சைக்கிள் உசத்தியா என்று கேட்கத் தோன்றும். கலைவாணிக்கும் தோன்றியதுதான். ஆனால் அந்த சைக்கிளைப் பார்த்தால் யாருக்கும் வாய் அடைத்துப் போகும்.

முழுக்க டைட்டானியம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாப்பட்டு பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் அவன் இறங்கும்போது சக்கரம்தான் எம்பி எம்பிக் குதிக்கும். ஆள் அலுங்காமல் குலுங்காமல் போவான். பார்க்கவே அவ்வளவு அழகு.

பெயிண்ட் மட்டும் கிடையாது. அந்த உலோகத்தின் சாம்பல் நிறம்தான் அதற்கு அலங்காரம்.

"துருப்பிடிக்காம இருக்கத்தானே பெயிண்ட்டு? டைட்டானியம் ஜென்மத்துக்கும் துருப்பிடிக்காது. அந்த மெட்டல் கண்ணுக்குத் தெரியணும்னுதான் இதை வாங்கினேன்" என்று தடவித் தடவிச் சொல்வான். பல வருட ஆசை. ஸ்கூட்டர்கூட வாங்காமல் கம்பெனி பஸ்ஸிலேயே சேதராப்பட்டுக்குப் போய்வந்து நிறைவேற்றிக்கொண்டது.

இதெல்லாம் கலைவாணிக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா தணிகாசலம் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டில்தான் இருந்தார். எதையோ ரிப்பேர் செய்கிறேன் என்று உட்கார்ந்தவரை, "சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று மகன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவ்வளவுதான். கிளம்பி வந்துவிட்டார். மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கேயும் அப்படி ஒரு சொல் விழுந்தால் மனிதருக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வினோத்குமார் கம்பெனி வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தான். கலைவாணி பொரி, பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலிலேயே பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

ஹாலில் சைக்கிள் பளபளவென்று மயில் நீலத்தில் நின்றது.

"அப்பா! இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?"

"எப்படிக்கீது?" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "மாப்ள ஆசையா வாங்கியிருக்காரு, கடைக்காரன் பெயிண்ட்டுகூட அடிக்காம தலையில கட்டிட்டான் பாரு. உப்புக்காத்து அடிக்கிற ஊரும்மா இது. ஒரு மழை தாங்குமா? மில்லுல ஆயுத பூஜை வந்துட்டா எல்லா மிஷினுக்கும் நாங்கதான் பெயிண்ட் அடிப்போம். பூஜையன்னிக்கு வெறும் இரும்பா நிக்கக் கூடாது."

சக்கரம், சீட்டு, செயின் எல்லாவற்றுக்கும் பேப்பர் சுற்றி, தரையில் ஒரு சொட்டு சிந்தாமல் அடித்திருந்தார். வேலை அத்தனை சுத்தம். கலைவாணிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. 'அது துருப்பிடிக்காதுப்பா' என்று சொல்ல வாயைத் திறந்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டாள். புருஷனுக்கு போன் செய்யவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் வினோத்குமார் வந்ததும் வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னாங்க, நான்தான் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். என்னை எவ்ளோ வேணா திட்டுங்க. அப்பாவை மட்டும் ஒரு வார்த்தை..."

"பெயிண்ட்டா?"

அவள் முடிப்பதற்குள் உள்ளே ஓடினான்.

தணிகாசலம் குளித்துத் திருநீறு பூசி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தார், மேடைக்குப் பரிசு வாங்க வந்த பிள்ளை மாதிரி.

"வாங்க மாப்ள. பாருங்க, இனிமே துரு கிட்டயே வராது."

வினோத்குமாரின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். மண்டியிட்டான். பெடலுக்கு அடியில், தூரிகை எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் மிச்சம் இருந்தது. அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கலைவாணி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். போச்சு, இப்போது கத்தப் போகிறான்.

தணிகாசலத்தின் சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது. கிண்ணம் பிடித்த கை தாழ்ந்தது.

"இன்னா மாப்ள... எதுனா தப்பு பண்ணிட்டனா?"

வினோத்குமார் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஆமா மாமா. அடியில கொஞ்சம் விட்டுட்டீங்க. உப்புக்காத்து மொதல்ல இங்கதான் புடிக்கும். டப்பாவுல மிச்சம் இருக்கா?"