இடது கையில் ஒரு புள்ளி

பிளம்பர் இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பரிசோதனைக் கட்டிலில் படுத்திருக்கிறார். வைரஸ் காய்ச்சல் விட்டு நான்கு மாதமாகியும் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் நிற்கும் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். ஐந்து நிமிடமாகக் கையை இறுக்கியிருந்த பட்டையை டாக்டர் தளர்த்த, புஸ்ஸென்று காற்று இறங்குகிறது. ஸ்கேன் திரையின் நீல வெளிச்சம் மூன்று முகங்களிலும் விழுகிறது. அதில் ஒரு ரத்தக்குழாய் சாம்பல் கோடாகத் துடிக்கிறது. “அடைப்பு இல்ல. ஆனா பட்டையை எடுத்ததும் குழாய் நல்லா விரியணும், உங்களுக்கு விரியவே மாட்டேங்குது. காய்ச்சல் அதோட உள்பக்கத்தைக் கெடுத்திருக்கலாம். மூச்சு வாங்குறதுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம்.” அவர் படுத்தபடியே மனைவி பக்கம் தலையைத் திருப்புகிறார். “கேட்டுக்கிட்டியா? சோம்பேறித்தனமாம்!” அவள் கைப்பையின் வாரை முறுக்குகிறாள். “நெஜமாவே அதுதானா டாக்டர்?” குரல் வெகுவாக இறங்கியிருக்கிறது. “இருக்கலாம்” என்று மறுபடியும் சொல்லிவிட்டு, இன்னொரு முறை அளந்து பார்க்க டாக்டர் அவர் கையில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறார். பிளம்பரின் சிரிப்பு அப்படியே நிற்கிறது. வெடுக்கென்று கையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். “வேணாம் டாக்டர். கசிவு தேடி இப்படி ‘இருக்கலாம்’னு புள்ளி வச்சுத்தான் நான் பாதி ஊரோட சுவரை இடிச்சிருக்கேன்.”